துருவம் புரண்டால் உயிர்கள் அழியுமா?

"பூமியின் காந்தத் துருவங்கள் இந்த வருடமே தலைகீழாகப் புரளும், டைனோசர்கள் அழிந்ததும் அப்படித்தான்" என்று ஒரு குரல்பதிவு திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கூடவே, வள்ளத்தில் திசைகாட்டி முள் தடுமாறும் காணொளி. இரண்டையும் நம்ப வேண்டாம்.

நேற்றுக் கரையில் ஒரு மீனவர் அண்ணனின் திசைகாட்டியை வாங்கிப் பார்த்தேன். வள்ளத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் முள் திரும்புகிறது. பத்தடி தள்ளி மணலில் வைத்தால் அசையாமல் வடக்கைக் காட்டுகிறது. இரும்பு செய்கிற வேலை அது. கைபேசி ஒலிபெருக்கியில் உள்ள காந்தமும் இதைச் செய்யும்.

சரி, துருவம் புரள்வதே, அதாவது காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறுவதே பொய்யா? இல்லை. கடைசியாக முழுதாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். புரண்டு முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். அன்று வாழ்ந்த ஆதிமனிதர்கள் தப்பினார்கள். பெரிய உயிரழிவு எதையும் புதைபடிவங்கள் காட்டவில்லை. டைனோசர்களின் கதையை முடித்தது, 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் விழுந்த விண்கல். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன், விண்வெளிக் கதிர்களிலிருந்து பூமியைக் காக்கும் காந்தப்புலம் மிகவும் பலவீனமானபோதும் நம் மூதாதையர் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். கடந்த 200 ஆண்டுகளில் புலம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருப்பது மெய். அப்படியும் அது நீண்டகாலச் சராசரியைவிட வலுவாகவே இருக்கிறது.