சீரியல்தானே என்று தள்ளிவிட முடியாத கதைகள்

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் நானும் நண்பர்களும் சேர்ந்து ஒரு காணொளித் தொடர் வெளியிடுகிறோம். சினிமா, டிவி சீரியல், வெப் சீரிஸ் என்று கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிற கதைகள் நம் மனத்துக்குள் என்ன வேலை செய்கின்றன, அதை எப்படிச் செய்கின்றன என்பதுதான் பொருள். படம் நல்லாருக்கா இல்லையா என்று சொல்கிற விமர்சனம் இதில் இருக்காது. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது நம்மை எந்த இடத்தில் பிடித்தது என்று நிதானமாகப் பார்ப்போம்.

"சீரியலுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலைத்தான் முதல் பகுதியாக எடுத்திருக்கிறோம். அது பிரிட்டன் அஞ்சலக வழக்கு.

அங்கே ஊர்ப்புறங்களில் மளிகைக் கடையோ பெட்டிக்கடையோ வைத்திருப்பவர்களே ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகத்தையும் சேர்த்து நடத்துவார்கள். சப் போஸ்ட்மாஸ்டர்கள். 1999 முதல் அவர்கள் கணக்கெல்லாம் ஹொரைசன் என்ற கணினி அமைப்புக்கு மாறியது. ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்தது. அந்த மென்பொருளில் கோளாறு. கல்லாவில் பணம் சரியாக இருக்கும்போதே கணக்கில் துண்டு விழுவதாகத் திரை காட்டியது. அஞ்சலக நிர்வாகம் திரையை நம்பியது. தன் ஆட்கள் மீதே திருட்டு வழக்கும் பொய்க்கணக்கு வழக்கும் போட்டது. 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை இழந்தார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. 2009இலேயே கம்ப்யூட்டர் வீக்லி என்ற தொழில்நுட்ப இதழ் எழுதிவிட்டது. 2015இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் வந்தது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், மென்பொருள் நம்பத்தகுந்ததாக இருக்கவில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றமே சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் ரத்து செய்தது. இத்தனைக்குப் பிறகும் அது பாதிக்கப்பட்டவர்களின் பிரச்சினையாகத்தான் இருந்தது, நாட்டின் பிரச்சினையாக ஆகவில்லை.

2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நாலே இரவுகள், ஐடிவி தொலைக்காட்சி இதை ஒரு நாடகமாக ஒளிபரப்பியது. அஞ்சலகத்தின் முன்னாள் தலைமை அதிகாரி பாலா வென்னல்ஸுக்குக் கொடுத்த அரசு விருதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற மனுவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஜனவரி 9 அன்று அவரே அதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். மறுநாள் பிரதமர் ரிஷி சுனக், தண்டனைகளை மொத்தமாக நீக்கச் சட்டம் கொண்டுவரப்படும் என்றார். மே மாதமே சட்டம் நிறைவேறியது.

15 வருடச் செய்திகளால் முடியாதது நாலு இரவில் எப்படி நடந்தது? எனக்குத் தோன்றுகிற காரணம் இது. நாடகத்தில் ஒரு பெண் சப் போஸ்ட்மாஸ்டர் உதவி எண்ணுக்கு போன் செய்கிறார். அவர்கள் சொன்னபடியே பட்டனை அழுத்துகிறார். அவர் கண் எதிரிலேயே பற்றாக்குறைத் தொகை இரட்டிப்பாகிறது. உண்மையில் நடந்த சம்பவம் அது. அந்த நொடியில் நாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். மென்பொருள் பிழை என்றால் என்னவென்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரியது. போன் செய்தவர்களிடம் "வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்றே சொல்லிவந்தார்கள். ஒவ்வொருவரும் தனியாக நொறுங்கினார்கள். நாடகம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு, அங்கிருந்து வேறு ஊருக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவரிடம் போய்ச் சொல்லவும் முடியாது. அந்தத் தவிப்புதான் அத்தனை பேரையும் கையெழுத்துப் போட வைத்தது என்று நான் நம்புகிறேன்.

அதற்காக, நாடகம்தான் நீதி வாங்கித் தந்தது என்று சொன்னால் அது அநியாயம். போராட்டத்தை முன்னின்று நடத்திய முன்னாள் சப் போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸும் அவரோடு நின்றவர்களும் இருபது வருடம் போராடாமல், விடாமல் எழுதிய பத்திரிகையாளர்கள் இல்லாமல், எடுப்பதற்கு ஒரு கதையே இருந்திருக்காது.

நமக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. 1993இல் கடலூர்ப் பகுதியில் ராஜாக்கண்ணு காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் சந்துரு நீதிமன்றத்தில் வாதாடினார். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரிய 2021இல் 'ஜெய் பீம்' வர வேண்டியிருந்தது. ஆனால் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளராகக் காட்டினார்கள். ஒரு கொடுமையை ஊரறியச் செய்த அதே கதை, அதை அனுபவித்த சமூகத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டது. இதையும் பேசாமல் கதையின் வலிமையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பகுதி 'ஹம் லோக்' பற்றியது. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய இந்தித் தொடர். நல்ல கருத்தைத் தொடர்கதையாகச் சொல்வதற்கு மெக்சிகோவில் மிகேல் சபிடோ உருவாக்கிய முறையைப் பின்பற்றி எடுத்தார்கள். முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு போதனை தூக்கலாக இருந்தது, மக்களுக்குப் பிடிக்கவில்லை. போதனையைக் குறைத்துக் குடும்பக் கதையைக் கூட்டிய பிறகு தொடர் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். தூர்தர்ஷனுக்கு 4 லட்சம் கடிதங்களுக்கு மேல் வந்தன.

அதில் பாக்வந்தி என்று ஒரு அம்மா. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே போகிறவள். பெண்கள் இப்படி வாழக் கூடாது என்று காட்டத்தான் அந்தப் பாத்திரத்தை எழுதினார்கள். ஆனால் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் அவளையே நல்ல பெண்ணுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது. எழுதியவர் ஒன்று நினைக்க, வீடுகளில் வேறொன்று போய்ச் சேர்ந்தது.

நம் படங்களை நினைத்தால் இந்த இடத்தில் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாட்டேன் என்று சொன்ன பெண்ணை, அவள் சரி என்று சொல்லும்வரை பின்தொடர்வதைத் தலைமுறை தலைமுறையாகக் காதல் என்று காட்டியிருக்கிறோம், அதுவும் நல்ல பாட்டோடு. படம் பார்த்ததும் ஒருவன் கெட்டுப்போகிறான் என்று நான் சொல்லவில்லை. எது இயல்பு, எதைச் சகித்துக்கொள்ளலாம் என்ற அளவுகோலை அந்தக் காட்சிகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகின்றன. அதைச் செய்வது கேமரா கோணமும் பின்னணி இசையும், யார் பக்கம் நின்று கதை சொல்லப்படுகிறது என்பதும்தான். மூன்றாவது பகுதியிலிருந்து தமிழ்க் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். அதிகமாகப் பேசப்போவது சீரியல்களைப் பற்றி. தினமும் மாலையில் வீட்டுக்குள் வருபவை அவைதான், அக்கறையோடு யாரும் பேசாததும் அவற்றைப் பற்றித்தான்.

ஒரு உதவி வேண்டும். 84, 85இல் 'ஹம் லோக்' பார்த்தவர்கள், முக்கியமாக அப்போது இளம்பெண்களாக இருந்த அக்காமார்கள், அம்மாமார்கள் யாராவது இருந்தால் பாக்வந்தியைப் பற்றி அன்றைக்கு என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் சம்மதித்தால் அதை இரண்டாவது பகுதியில் உங்கள் குரலிலேயே சேர்க்க ஆசை.