செந்நாய் மேல் பழி போடாதீர்கள்

பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ இன்று காலை மறுபடியும் எனக்கே வந்து சேர்ந்தது. இந்த முறை பின்னணியில் சோக இசை, மேலே சிவப்பு எழுத்தில் "காங்கேயம் பக்கம் செந்நாய்க் கூட்டம்! வனத்துறை தூங்குகிறதா?" ராத்திரியில் நம் பக்கத்து ஆட்டுப்பட்டி ஒன்றில், படல் வேலியைத் தாண்டிக் குதித்து ஒரு கூட்டம் ஆடுகளைக் கடித்துக் குதறுகிறதே, அந்த வீடியோதான். நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது, பகிர்ந்தாகிவிட்டது, சுட்டுத்தள்ள வேண்டும் என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

அது செந்நாய் இல்லை. நாய். நம் ஊர் நாய்.

பட்டியில் ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில் பதிவான படம்தான். ஆனாலும் படலைத் தாண்டிக் குதிக்கும் முதல் நாயை நிறுத்திப் பாருங்கள். வால் முதுகின் மேல் சுருண்டிருக்கிறது. செந்நாய்க்கு வால் சுருளாது. அடர்ந்து, கறுத்து, தொங்கிக்கொண்டிருக்கும். ஓநாய்க்கும் சுருளாது, நரிக்கும் சுருளாது. மனிதனோடு ஒட்டி வாழ்ந்த பிறகு வந்த லட்சணம் அது. ரஷ்யாவில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் 1959-இல் நரிகளை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். மனிதனைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிக்கொண்டே போனார். குணத்தை மட்டும்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஆனால் சில குட்டிகளுக்குக் காது மடிந்தது, வால் சுருண்டது, உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்தது. வீடியோவில் இரண்டாவதாக வரும் நாய்க்கு ஒரு காது மடிந்திருக்கிறது. மூன்றாவதன் கழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி உதிர்ந்து வளையமாக ஒரு தடம். சங்கிலித் தழும்பு. செந்நாயைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி வைத்த புண்ணியவான் யார்?

இதைத்தான் குடும்பக் குழுவில் எழுதினேன். அவ்வளவுதான். "கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்காதே" என்றார் சித்தப்பா. "ஆடு போனவனுக்குத்தான் வலி தெரியும்" என்றார் ஒரு மச்சான். அந்த மச்சானுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சரி.

எனக்கு ஆடு தெரியாதாம். அப்பாருவின், அதாவது தாத்தாவின், கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் கிளுவை வேலிக்கும் வெள்வேல மரத்துக்கும் நடுவில் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. அங்கே பட்டி நாய் ஒன்று இருந்தது, கருப்பன். கண் திறந்த சில நாளிலேயே அவனைக் கொண்டுவந்து செம்மறிக் குட்டிகளோடு விட்டுவிட்டார் அப்பாரு. குட்டிகளோடு ஒண்டிப் படுப்பான், கிடாயிடம் முட்டு வாங்குவான். அவனுக்குக் களியும் மோரும் கரைத்து வைத்த பிறகுதான் அப்பாரு சாப்பிட உட்காருவார். வெளி நாய் ஒன்று வேலி ஓரம் வந்தால் கருப்பன் குரைக்கும் குரைப்பே வேறாக இருக்கும். அப்பாரு கட்டிலில் படுத்தபடியே, "நாய்தான் வந்திருக்கிறது, தடியை எடு" என்பார். அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நாயால் ஆட்டுக்கு ஆபத்து என்பது அந்தக் காலத்து ஆட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் வந்த பிறகுதான் மறந்துவிட்டது.

"நாய் என்ன, செந்நாய் என்ன, செத்தது ஆடுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செந்நாய் என்று எழுதிய நிமிடமே எல்லோரும் வனத்துறையைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நாய் என்று எழுதினால் ஊராட்சியைக் கேட்க வேண்டும், கறிக்கடைக்காரரைக் கேட்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்க வேண்டும். சங்கடம். வனவிலங்கு கடித்தால் நிவாரணம் உண்டு என்ற கணக்கும் இதற்குள் ஓடுகிறது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தெருநாய் கடித்த ஆட்டுக்கு இழப்பீடு கேட்டு, செத்த ஆடுகளை ரோட்டில் போட்டுப் போராட வேண்டிய நிலைக்கு நம் விவசாயிகளைத் தள்ளியது யார்? அது செந்நாயின் குற்றமா?

செந்நாய் எங்கே இருக்கிறது? ஆனைமலையில், முதுமலையில், சத்தியமங்கலம் காட்டில். பெரும்பாலும் பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் வேட்டையாடுகிற பிராணி. குரைக்கவே தெரியாது, சீழ்க்கை அடித்து ஒன்றையொன்று கூப்பிடும். கர்நாடகத்துப் பந்திப்பூர் காட்டில் 1970-களில் ஆண்டுக்கணக்கில் அவற்றின் பின்னால் அலைந்தவர் வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங், நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒரு மானைப் பிடித்தால் கூட்டமே விழுந்து வேகவேகமாகத் தின்று தீர்த்துவிடும். நம் பட்டியில் என்ன நடந்தது? கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன, ஒரு ஆட்டைக்கூட முழுதாகத் தின்னவில்லை. பசிக்கு நடந்த வேட்டை இப்படியா இருக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓநாயிடமிருந்து பிரிந்து வந்தது நாய். இரண்டும் சேர்ந்தால் இன்றைக்கும் குட்டி பிறக்கும். செந்நாய் அந்த வரிசையிலேயே இல்லை, தனிப் பேரினம். நாய்க்குப் பல் 42, அதற்கு 40. வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் கொன்றவனுக்குச் சன்மானம் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுவதிலும் சேர்த்து, இனம் பெருக்கும் வயதில் இருப்பவை சுமார் 1,000 முதல் 2,200 வரைதான் என்கிறது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கணக்கு. மிச்சமிருப்பவற்றையும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், வெறிநோய் என்று நோய் பரப்பிக் கொல்லக்கூடியவை காட்டோரத்து ஊர் நாய்கள்தான். கொலைகாரனை விட்டுவிட்டு, அவனால் சாகிறவனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"நீ நாய்களுக்கு எதிரியா?" என்று அடுத்த கோஷ்டி வரும். வரட்டும். கருப்பன் செத்தபோது அழுதவன் நான். "அப்படியானால் எல்லா நாயையும் கொன்றுவிடலாமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. கருத்தடை, தடுப்பூசி என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊராட்சியில் நடக்கிறதா என்று போய்க் கேளுங்கள்.

வீடியோவில் சங்கிலித் தழும்போடு வந்த அந்த மூன்றாவது நாயைத்தான் என்னால் விட முடியவில்லை. ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு என்று பார்த்தாலே தெரிகிறது. 1899-இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்க்கும் நாய்களை வைத்து உருவாக்கிய இனம் அது. ஆட்டைக் காக்கப் பிறந்த வம்சத்தைக் காசு கொடுத்து வாங்கி, மாடி வீட்டு கேட்டில் கட்டி, "ஜாதி நாய்ங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசி, தோல் வியாதி வந்ததும் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறோம். பொங்கலூர் தாண்டி ஒரு கார் அப்படி இறக்கிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். நாய் இறங்கி, சாவகாசமாக ஒரு புளியமரத்தை மோந்து பார்த்து, ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கார் இல்லை. அதன் பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல் ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

அதற்குச் சாப்பாடு யார் போடுவது? அதையும் நாமே போடுகிறோம். பல்லடம் தொடங்கி எந்தப் பள்ளத்துப் பாலத்தில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். செத்த கறிக்கோழி மூட்டை, இறைச்சிக் கழிவு மூட்டை. ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ரத்தம் ருசி பார்த்த கூட்டம், மூட்டை வராத நாளில் பட்டிக்கு வராமல் வேறு எங்கே போகும்? இதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. எடுத்தால் அதில் நமக்குத் தெரிந்தவர் முகம் இருக்கும்.

சித்தப்பா, குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர்கள், ஆனால் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். படலுக்கு மேல் கம்பி வலை அடிக்க எவ்வளவு ஆகும் என்று வெள்ளக்கோவிலில் விசாரித்து வைத்திருக்கிறேன். சித்தியிடம் எனக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லுங்கள். செந்நாய்ப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.