செஸ் தெரிஞ்சா போக்கரும் வந்துடுமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் 1800, 1900 ரேட்டிங் தொட்ட காலேஜ் பையன்மார் மத்தியில ஒரு பேச்சு ஓடுது. "செஸ்ல காசு இல்ல மக்கா, போக்கருக்குப் போயிருவோம். ரெண்டுக்கும் மூளைதானே வேணும்." போக்கர், காசு வெச்சு ஆடுற சீட்டாட்டம். மூளை ஒண்ணுதான், பழக்கம் வேற. சேமிச்ச காசை அதுல இறக்குறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

செஸ்ல பலகை முழுக்கத் திறந்து கிடக்கு. எதிராளியைவிட 200 புள்ளி கூடுதலா இருந்தா, நாலு ஆட்டத்துக்குச் சராசரியா மூணு புள்ளி கைக்கு வரும். தோத்தா எந்த நகர்த்தல்ல தப்புன்னு அன்னைக்கு ராத்திரியே எஞ்சின்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் காட்டிரும். அதனால தோல்வின்னா தப்பு, ஜெயிச்சா சரின்னு மனசுல ஊறிப்போகும். போக்கர்ல அது செல்லாது. உங்க கையில ரெண்டு ஏஸ், அவன் கையில ரெண்டு ராஜா, எல்லா சிப்ஸும் (காசுக்குப் பதிலா கட்டுற வில்லை) நடுவுல, ரெண்டு பேருக்கும் பொதுவான அஞ்சு சீட்டு இனிதான் திறக்கணும். இவ்வளவு நல்ல நிலைமையிலயும் நூத்துக்குப் பதினெட்டு தடவை தோப்பீங்க. அந்தப் பதினெட்டுல ஒண்ணு வந்ததும் "நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்"னு நல்ல ஆட்டத்தை மாத்துறான் பாருங்க, செஸ்காரன் சரியுறது அங்கதான்.

பேக்கமன் ஆடுறவங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தாயம் மாதிரியே பகடை உருட்டி காய் நகர்த்துற ஆட்டம்தான் அது, கூடவே பந்தயத்தை இரட்டிப்பாக்குற கட்டை ஒண்ணு உண்டு. எதிராளி அதைத் திருப்பி வெச்சா, மறுத்து 1 புள்ளி இழக்கலாம், இல்ல ஏத்துக்கிட்டு 2 புள்ளிக்கு ஆடலாம். நாலு தடவை மறுத்தா 4 புள்ளி நஷ்டம். நாலையும் ஏத்து, ஒண்ணு ஜெயிச்சு மூணு தோத்தாலும் அதே 4தான். அப்போ 25 சதவீதம் வாய்ப்பு இருந்தா ஏத்துக்கலாம். போக்கர்லயும் நடுவுல கிடக்கிறதுல பாதியை ஒருத்தன் கட்டினா, அதுக்குச் சமமாக் கட்டி ஆட்டத்துல தொடர அதே 25 சதவீதம்தான் தேவை. பேர்பெற்ற போக்கர் ஆட்டக்காரங்க எரிக் சைடெல், கஸ் ஹான்சன் ரெண்டு பேருமே பேக்கமன்ல இருந்து வந்தவங்க. 1995-ல போக்கர் உலகத் தொடரின் பிரதானப் போட்டியை ஜெயிச்ச டான் ஹாரிங்டன் செஸ்ஸும் பேக்கமனும் சேர்த்துக் கத்தவர். நம்ம பக்கம் கல்யாண வீட்டு ராத்திரியில இருபத்தெட்டுங்கிற சீட்டாட்டம் ஆடுற மாமாமாருக்குக்கூட, கவிழ்த்து வெச்ச துருப்பை எதிராளி போடுற சீட்டை வெச்சே ஊகிக்கிற பழக்கம் இருக்கு. செஸ் அதைச் சொல்லித் தராது.

செஸ்காரன் அடிக்கடி பண்ணுற ஒரு கணக்குத் தப்பைச் சொல்லுறேன். நடுவுல 600 கிடக்கு. பொதுச் சீட்டு அஞ்சுல மூணு திறந்தாச்சு, உங்க கையில இருக்கிறதோட சேர்த்து நாலு ஆட்டின், அஞ்சாக இன்னும் ஒண்ணு விழணும். எதிராளி 300 கட்டுறான். 35 சதவீதம் வாய்ப்புன்னு மனப்பாடம், தேவை 25. உடனே காசைப் போடுறான். ஆனா அந்த 35, மீதி ரெண்டு சீட்டையும் மேற்கொண்டு காசு கட்டாம பாத்தாத்தான். ஒருத்தர் சிப்ஸ் முழுக்க உள்ளே போயிருந்தா சரி. இல்லேன்னா அடுத்த சீட்டுக்குத் தெரியாத 47 சீட்டுல மிச்சமுள்ள ஆட்டின் 9, அதாவது 19 சதவீதம்தான். அது விழலைன்னா அவன் திரும்பவும் கட்டுவான், நீங்க திரும்பவும் யோசிக்கணும். விழுந்த பிறகு அவன்கிட்ட இருந்து கூடுதலா எவ்வளவு வாங்க முடியும்னு தெரியாம போடுற 300, பெரும்பாலும் போன காசுதான்.

டோர்னமென்ட்ல பேக்கமன் நிபுணர் பால் மேக்ரியல் பேரால 'எம்'னு ஒரு அளவு இருக்கு. கையில 12,000 சிப்ஸ், சீட்டு பாக்கும் முன்னாடியே கட்டாயமாக் கட்டுற பிளைண்ட் 400, 800, எல்லாரும் போடுற ஆன்டி மொத்தம் 800. ஒரு சுத்துக்குச் செலவு 2,000, அப்போ எம் 6. ஆடாம உக்காந்திருந்தா ஆறு சுத்துல காலி. பத்துக்குக் கீழே இறங்கிட்டா, செஸ்ஸோட கடைசிக் கட்டமான எண்ட்கேம் மாதிரி மெல்ல நகத்திப் பாக்க நேரம் கிடையாது.

இனி காசு விஷயம். டோர்னமென்ட் ஆடுறவன்கிட்ட நுழைவுக் கட்டணத்தைப்போல நூறு மடங்காவது தனியா இருக்கணும், வீட்டுச் செலவுக் காசு அதுல சேராது. 2025 ஆகஸ்டுல வந்த மத்திய சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்டமோ, காசு வெச்சு ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்தவே தடை போட்டாச்சு. வெளிநாட்டுத் தளத்துல காசு போட்டா, திரும்பி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. மிச்சம் கோவா மாதிரி இடத்துல உள்ள கேசினோ. கோவாவுல 21 வயசு ஆகணும்.

வரி அதைவிடப் பெரிய அடி. ஒரு வருஷத்துல பரிசு 5 லட்சம், நுழைவுக் கட்டணமாப் போனது 4 லட்சம்னு வைங்க. மிச்சம் ஒரு லட்சம்தான். ஆனா செலவையும் நஷ்டத்தையும் கழிக்க விடாம, 5 லட்சத்துக்கும் 30 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம் வரி. ஜெயிச்ச வருஷத்துலயே 50,000 கைநஷ்டம். நல்ல ஆட்டக்காரனையும் இந்த ஒரு கணக்கு கவுத்துரும். அதே 1900 ரேட்டிங்கை வெச்சு வாரத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் குடுத்தா ஃபீஸ் காசு மாசாமாசம் கைக்கு வரும், வெளியூர் டோர்னமென்ட் டிக்கெட்டுக்கும் ஆகும்.

இதுக்கு மேலயும் ஆடத்தான் செய்வேன்னா, ஒரு நோட்டு வாங்குங்க. ஒவ்வொரு இடைவேளையிலயும் பெரிய முடிவெடுத்த ரெண்டு ஆட்டத்தை எழுதுங்க: நடுவுல எவ்வளவு கிடந்தது, எவ்வளவு கட்டச் சொன்னான், உங்க வாய்ப்பு எத்தனை சதவீதம்னு நினைச்சீங்க. ஜெயிச்சதா தோத்ததான்னு மட்டும் அந்தப் பக்கத்துல எழுதாதீங்க.