லாண்டர்டிங்கருக்குத் தங்கம் கிடைக்காத ஒலிம்பிக் பந்தயங்கள்

பனியில் சறுக்கி ஓடுவதும் இடையிடையே துப்பாக்கி சுடுவதும் சேர்ந்த பயாத்லான் விளையாட்டின் ஆஸ்திரிய வீரர் டொமினிக் லாண்டர்டிங்கரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "20 வயதில் உலக சாம்பியன் ஆனார், ஆனால் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லையே" என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2009 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியாங்சாங்கில் நடந்த உலகப் போட்டியில், 30 பேர் ஒன்றாகப் புறப்படும் 15 கி.மீ. பந்தயத்தில் அவர் தங்கம் வென்றார். வெள்ளி வாங்கியவர் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சக ஆஸ்திரியர் கிறிஸ்டோஃப் சுமன். அடுத்த ஆண்டே வான்கூவர் ஒலிம்பிக் ரிலேயில் வெள்ளி. இப்படித் தொடங்கிய ஒருவரிடம் எல்லோரும் தங்கத்தை மட்டுமே எதிர்பார்த்தது இயல்புதான்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் நடந்த 10 கி.மீ. பந்தயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு முறை சுட வேண்டும். முதலில் படுத்துக்கொண்டு, பிறகு நின்றுகொண்டு. ஒவ்வொரு முறையும் ஐந்து குண்டுகள், 50 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள். படுத்துச் சுடும்போது குண்டு பட வேண்டிய வட்டத்தின் குறுக்களவு 45 மில்லிமீட்டர், ஓர் எலுமிச்சம்பழம் அளவுதான். மேட்டில் மூச்சிரைக்க ஏறிவந்து, முதுகிலிருந்து துப்பாக்கியைக் கழற்றி, தவிக்கும் நெஞ்சை அடக்கி, இரு மூச்சுகளுக்கு நடுவே விசையை அழுத்த வேண்டும். ஒன்று தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. லாண்டர்டிங்கர் அன்று பத்துக்குப் பத்தும் சுட்டு வீழ்த்தினார். நார்வேயின் 40 வயது ஒலே ஐனார் பியோர்ண்டாலன் ஒரு குண்டைத் தவறவிட்டு, தண்டனைச் சுற்றையும் ஓடி முடித்து, 1.3 விநாடி முன்னதாக வந்து தங்கத்தைக் கொண்டுபோனார்.

நியாயமாகச் சொல்லுங்கள், இதில் லாண்டர்டிங்கர் எங்கே தவறினார்? பனிச்சறுக்கு வரலாற்றின் மாபெரும் வீரர்களில் ஒருவர் அன்று அவரைவிட வேகமாக ஓடினார், அவ்வளவுதான். அதைத் "தங்கத்தைக் கோட்டைவிட்டார்" என்று எழுதுவது அநியாயம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2018. முந்தைய கோடையில்தான் அவருக்கு முதுகில் வட்டு விலகி அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பயாத்லான் துப்பாக்கியின் எடை குறைந்தது 3.5 கிலோ. பந்தயம் முழுக்க அது தொங்குவது முதுகில்தான். முதுகுவலி வந்த எவருக்கும் இது என்ன கொடுமை என்று விளக்க வேண்டியதில்லை. ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்கும்போது, பயிற்சி செய்ய வேண்டிய கோடையைச் சிகிச்சையிலும் ஓய்விலும் கழித்தவர் அவர்.

அப்படிப்பட்டவர், தான் உலக சாம்பியனான அதே பியாங்சாங்கில், 20 கி.மீ. தனிநபர் பந்தயத்தில் இறங்குகிறார். பயாத்லானிலேயே பொறுமையை அதிகம் சோதிக்கும் பந்தயம் அது. நான்கு முறை சுட வேண்டும், மொத்தம் இருபது குண்டுகள். ஒன்று தவறினால் சுற்றெல்லாம் கிடையாது. நேரத்தோடு முழுதாக ஒரு நிமிடம் கூட்டிவிடுவார்கள். லாண்டர்டிங்கர் இருபதையும் வீழ்த்தினார். ஸ்லோவேனியாவின் யாகோவ் ஃபாக்கும் அப்படியே. இரண்டைத் தவறவிட்டு, இரண்டு நிமிடத் தண்டனையும் ஏற்று, தங்கம் வென்றவர் நார்வேயின் யோஹன்னஸ் போ. லாண்டர்டிங்கருக்கு வெண்கலம். தங்கத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் 14.2 விநாடி.

மீண்டும் அதே கதை: சுடுவதில் ஒரு பிழையும் இல்லை, தங்கம் வென்றவர் பிழை செய்தவர். ஆனாலும் 2009 தங்கத்தைவிட இந்த வெண்கலத்தைத்தான் நான் உயர்வாக வைக்கிறேன். 20 வயதில் பயமறியாமல் வெல்வது வேறு. உடம்பு கைவிட்ட பிறகு, கால்களில் பழைய வேகம் வருமா என்று தெரியாத நிலையில், துப்பாக்கிமுனை அசையாமல் இருபது முறை விசையை அழுத்துவது வேறு.

மலைச்சரிவில் பாயும் ஆல்பைன் பனிச்சறுக்கைத்தான் ஆஸ்திரியா கொண்டாடும். ஹெர்மன் மையர், மார்செல் ஹிர்ஷர் பெயர்களை அங்கே குழந்தையும் சொல்லும். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பயாத்லான் வீரர்கள் எப்போதுமே சற்று மங்கித்தான் தெரிவார்கள். அதனால்தான் இவரை ஒற்றை வரியில் அடக்கிவிடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2020இல் இத்தாலியின் அந்தோல்ஸில் நடந்த உலகப் போட்டியில், அதே 20 கி.மீ. பந்தயத்தில் பிரான்ஸின் மார்ட்டின் ஃபோர்காட், போ ஆகிய இருவருக்கும் அடுத்து வந்து இன்னொரு வெண்கலம் வாங்கிவிட்டு, அந்த ஆண்டே விடைபெற்றார். மூன்று ஒலிம்பிக்குகளில் நான்கு பதக்கங்கள் பெற்ற இந்த மனிதரிடம் "தங்கம் எங்கே" என்று கேட்பவர்கள், முதலில் அந்த 2018 பந்தயத்தில் அவர் சுட்ட இருபது குண்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.