துப்பாக்கிக் குழல் பைக் சிலிண்டர் அல்ல

ஒருவர், தாத்தா காலத்து .315 வேட்டைத் துப்பாக்கியை (இந்த எண் குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) சென்னை வியாசர்பாடியில் ஏதாவது லேத் பட்டறையில் கொடுத்தால், பைக் சிலிண்டருக்குப் போரிங் போடுவது (உள்துளையைக் கடைவது) போல .303 ஆக மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறார். தம்பி, நான் அதே பகுதியில் இருபது வருடமாக லேத் ஓட்டுபவன். தயவுசெய்து இதை நம்பி யாரும் போகாதீர்கள்.

முதலில், கணக்கே இடிக்கிறது. போரிங் போட்டால் துளை பெரிதாகும், சிறிதாகாது. .315 துளையைக் கடைந்து .303 எப்படி வரும்? அப்புறம், சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். துப்பாக்கிக் குழலிலோ திருகு போலச் சுற்றிப் போகும் வரிகள் இருக்கும். குண்டைச் சுழல வைப்பது அவைதான். கடைந்தால் அவை போய்விடும், புதிதாக வெட்ட வேண்டும். தோட்டா உட்காரும் அறையும் தோட்டாவுக்குப் பொருந்த வேண்டும். குழலின் சுவர் மெலிந்தால் வெடிப்பது சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில்.

சட்டமும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாத பட்டறை துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு சிறை. .303 சாதாரண உரிமத்தில் வராத, தடை செய்யப்பட்ட வகை வேறு.

தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருந்தால், உரிமத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கேளுங்கள்.