மைனார்ஸ்கியும் வால் கோபுரமும்

“வால் சுடுநர் பிராஃபி கதவு திறக்காமல் சிக்கினார்” என்கிறது, இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடா விமானப்படை வீரர் மைனார்ஸ்கி பற்றிய கட்டுரை. காரணம் கதவல்ல. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால் சுடுகோபுரத்தை (துப்பாக்கி வீரர் அமரும் சுழல் கூண்டு) சுழற்றும் ஹைட்ராலிக் (திரவ) அழுத்தம் இடது வெளி எஞ்சினிலிருந்து வருவது. 1944 ஜூன் 12-13 இரவு, பிரான்சின் கம்ப்ரே மீதான தாக்குதலில், இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் செயலிழந்தன. கோபுரத்தைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் வெளியே குதிக்க முடியும். கையால் சுழற்றும் பிடியும் உடைந்துவிட்டது.

வின்னிபெக்கில் பிறந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கிக்கு அப்போது வயது 27. நடுக்கோபுரத்திலிருந்து இறங்கியவர் உடனே குதித்திருக்கலாம். அதற்குப் பதில் தீக்குள் புகுந்து, கோடரியால் நெம்பினார். பிராஃபி போகச் சொன்ன பிறகே, எரியும் பாராசூட்டுடன் குதித்தார், தீக்காயங்களால் இறந்தார். விமானம் தரையில் மோதியும் பிராஃபி பிழைத்தார். அவருடைய சாட்சியமே 1946இல் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைக்க வழிவகுத்தது. கட்டுரையில் இது அவசியம் இருந்திருக்க வேண்டும்.