எட்டு மணி நேர சாதகமும் இரண்டு விரல்களும்

வாத்தியம் கற்பவர்களிடம் “எத்தனை மணி நேரம் சாதகம்?” என்று கேட்பதுதான் நம் வழக்கம். எட்டு மணி நேரம் என்று பதில் வந்தால் கேட்டவருக்கு மனம் குளிர்ந்துவிடும். அமெரிக்க பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷரின் கதை தெரிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.

1928-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் ஃப்ளைஷர். ஒன்பது வயதில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபலிடம் சேர்ந்தார். ஷ்னாபலுக்கு குரு லெஷெட்டிட்ஸ்கி, அவருக்கு செர்னி, செர்னிக்கு பேத்தோவன். பதினாறு வயதில் கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி). 1952-ல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. பிறகு ஜார்ஜ் செல் நடத்திய க்ளீவ்லாண்ட் இசைக்குழுவுடன் சேர்ந்து கொடுத்த பேத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோ பதிவுகளை இன்றைக்கும் தேடிக் கேட்கிறோம்.

1964-ல், 36 வயதில், வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் அவர் சொன்னபடி கேட்காமல் போயின. பத்தே மாதத்தில் இரண்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன.

இதன் பெயர் ஃபோக்கல் டிஸ்டோனியா. விரலில் அடிபட்டதால் வருவதில்லை; கோளாறு இருப்பது மூளையில். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு. ஒரே அசைவை வேகமாக ஆயிரக்கணக்கான தடவை திரும்பச் செய்யும்போது, சிலருக்கு அந்த இடங்களுக்கு இடையிலுள்ள எல்லை கலங்கிவிடுகிறது. ஒரு விரலுக்குப் போகிற கட்டளை பக்கத்து விரலையும் இழுக்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது, மற்ற வேலைகளுக்குக் கை ஒழுங்காக வளையும், கீபோர்டில் வைத்ததும் சுருளும். அதனால்தான் “இன்னும் பழகினால் சரியாகும்” என்று தோன்றுகிறது. சுருளும் விரலை வலிந்து நிமிர்த்தி வாசித்தால், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் மல்லுக்கு நிற்கும். மூளை அந்த மல்லையே பாடமாக்கிக்கொள்ளும். ஃப்ளைஷரும் தன் அளவுக்கு மீறிய சாதகத்தைத்தான் பின்னாளில் குறை சொன்னார்.

அவர் இடிந்துபோனார். பிறகு இடது கைக்கு மட்டும் எழுதிய உருப்படிகளை எடுத்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக (தத்துவ அறிஞர் லுட்விக்கின் அண்ணன்) பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோ அதில் முக்கியமானது. இடது கைக்கு மட்டும் இத்தனை உருப்படிகள் இருப்பதற்கு ஒரு காரணம் கையின் அமைப்பு. இடது கையில் கட்டைவிரல்தான் மேல்ஸ்தாயிப் பக்கம் இருக்கிறது. மெட்டை அந்த பலமான விரல் தாங்கும், மற்ற நான்கும் கீழே சுருதியையும் துணைச் சுரங்களையும் பார்த்துக்கொள்ளும். அடி மந்திர சுரத்தைத் தட்டிவிட்டு, அதைப் பெடலில் (சுரத்தை நீள ஒலிக்க விடும் கால்மிதி) பிடித்து வைத்து, கை மேலே தாவும். பெடலைக் கால் நொடி முந்தி விட்டாலும் அந்த சுரம் அறுந்துபோகும், பிந்தி விட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

என் பார்வையில் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி வகுப்பறையில்தான் இருக்கிறது. பால்ட்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் 1959-லேயே ஆசிரியராகச் சேர்ந்தவர், 2020-ல் இறக்கும் வரை சொல்லிக்கொடுத்தார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் ப்ரான்ஃப்மன், ஜானதன் பிஸ் எல்லோரும் அவர் மாணவர்கள். கை போனதால் வாத்தியாரானார் என்று எழுதுவது தவறு. கை போனதால் அவர் பாடம் சொல்லும் விதம் மாறியது. அதுவரை, “இப்படி” என்று வாசித்துக் காட்டினால் வேலை முடிந்தது. மாணவர் அப்படியே நகல் எடுப்பார். வலது கை இல்லாதபோது, இந்த வரி எந்த சுரத்தை நோக்கிப் போகிறது, எங்கே பாரம் இறங்குகிறது, மௌனத்தை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வாயால் சொல்லியாக வேண்டும். ஷ்னாபலிடமிருந்து வந்த பாடமும் அதுதான்: முதலில் காதுக்குள் கேள், பிறகு விரலை வை.

இது வெறும் ரசனைப் பாடம் இல்லை, கைக்குப் பாதுகாப்பும்கூட. எட்டு வரியை எடுத்து, கீபோர்டைத் தொடாமல் ஒருமுறை பாடிப் பாருங்கள். உச்சம் எந்த சுரம் என்று முடிவு செய்யுங்கள். பிறகு மெதுவாக மூன்று தடவை வாசித்தால் போதும். எதற்கு என்றே தெரியாமல் வாசிக்கும் முப்பது தடவையில் கை களைக்கும், காது தூங்கும். கெடுதல் ஆரம்பிப்பது அங்கேதான்.

1982-ல் பால்ட்டிமோரில் இரண்டு கைகளோடும் மேடை ஏறினார். ஊரே கொண்டாடியது, ஆனால் விரல் மீளவில்லை. 1990களில் போட்டுலினம் ஊசியும் ஆழமான தசைப் பிடித்துவிடலும் கைகொடுத்தன. அளவுக்கு மீறி இழுக்கும் தசையை மட்டும் அந்த ஊசி தளர்த்தும். மருந்து கூடினால் விரல் துவளும். சில மாதங்களில் வேகம் தணிந்ததும் மறுபடி போட வேண்டும். நோய் அப்படியே இருந்தது, அதோடு வாசித்தார்.

2004-ல் வந்த ‘டூ ஹேண்ட்ஸ்’ இசைத்தட்டில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா (தனி பியானோவுக்கு எழுதிய பெரிய உருப்படி, பி-ஃபிளாட் சுருதியில்) இருக்கிறது. அதன் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மெல்லிய சுரக்கூட்டுகளின் உச்சியில் மெட்டு நகர்கிறது. வலது கையில் அந்த உச்சியைப் பெரும்பாலும் தாங்குவது மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான். எட்டாவது பாரில் (தாள அளவில்) இடது கை அடி மந்திரத்தில் ஒரு சுரத்தை அதிர விடுகிறது. அப்புறம் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தை அவர் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறார் என்று கவனியுங்கள்.